வடிவமைப்பு மேம்படுத்தப்பட்டது

என் நிரலின் மாற்றப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது: “உதவிப் பக்கத்தின் வடிவமைப்பு மேம்படுத்தப்பட்டது.” எழுதியவன் நான். அந்த வரியில் பொய் கிடையாது. அன்று உதவிப் பக்கத்தைத் திருத்தி எழுதினேன்; முன்பு இருந்ததைவிட நன்றாகவே வந்தது. ஆனால் அதே நாளில் கூலிக் கணக்கிலும் ஓர் எண்ணை மாற்றினேன். அதைப் பற்றி அன்று பதிவேட்டில் ஒரு சொல்கூட எழுதவில்லை. எழுதியிருந்தால், மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களின் கூலி சில மாதங்களாக என்னால் குறைந்து வந்தது வெளியே தெரிந்திருக்கும். குறைத்தது தெரியாமல் நடந்தது. மறைத்தது தெரிந்தே செய்தது.

தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தவறு தோட்டத்துடையது அல்ல. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று மேலே ஏறிப் போனவர்களுக்கு அந்தச் சரிவுகள் தெரிந்திருக்கும். 1885-ல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக வந்த மலை அது. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார், பிறகு மற்றவர்களும் வந்தார்கள். காட்டை வெட்டிக் கன்று நட்டு லயங்களில் குடியிருந்தவர்களில் நம் ஆட்கள் மிகுதி. இன்றைக்குச் சரிவில் நின்று கொழுந்து வெட்டுகிறவர்களில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். ஆபீசிலும் எடை போடும் இடத்திலும் தமிழ் இன்னும் கேட்கிறது.

அந்த ஆபீசுக்கு நான் எழுதிக் கொடுத்தது சின்ன நிரல்தான், பைத்தானில். எடை போடும் இடத்திலிருந்து தினமும் ஒரு கோப்பு வரும்: ஆள் எண், மூட்டை, கிலோ. நிரல் அதைப் படித்து, சாக்கின் எடையைக் கழித்து, ஆளுக்கு எத்தனை கிலோ என்று கூட்டி, மாதக் கடைசியில் கூலித் துண்டுக்கு வேண்டிய கணக்கைத் தரும். அடிப்படைக் கூலிக்கு மேலே கிலோவுக்கு இவ்வளவு என்று கிடைக்கும் காசு அந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது. பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். இந்த வகை நிரல்களில் இரண்டு சிறுகோடு போட்டு ‘ஹெல்ப்’ என்று அடித்தால் ஒரு பக்கம் எழுத்து வந்து விழும். என்னென்ன ஆப்ஷன் உண்டு, எதைக் கொடுத்தால் என்ன நடக்கும், கொடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று அது சொல்ல வேண்டும். துழாவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளத் திரையில் வேறு ஒன்றும் இல்லாததால், அந்தப் பக்கத்தில் சொல்லாததை, புரியாதபடி சொன்னதை, பயன்படுத்துகிறவர் தெரிந்துகொள்ள வழி இல்லை. இந்தத் தொழிலில் சோறு தின்கிற எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஈரக் கழிவு என்று ஒன்று உண்டு. பனியிலும் மழையிலும் எடுத்த கொழுந்தில் தண்ணீரும் சேர்ந்து எடை காட்டும். தொழிற்சாலையில் அதை வாடவைக்கும்போது அந்தத் தண்ணீர் போய்விடும். அதனால் ஈரக் கொழுந்தில் ஒரு பங்கைக் கழித்துக் கணக்கிடுவது வழக்கம். எவ்வளவு என்பதை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கொழுந்தைக் கையில் அள்ளிப் பார்த்துச் சொல்வார். வெயில் நாளில் கழிவு கிடையாது. இதற்கு நிரலில் ஓர் ஆப்ஷன் வைத்தேன்: மண்டோர் சொன்ன எண்ணைக் கொடுத்தால் அத்தனை சதவீதம் கழிக்கும். நான் நிரலைச் சோதித்துக்கொண்டிருந்தது ஆண்டுக் கடைசி அடைமழைக் காலம். ஒவ்வொரு முறையும் எண்ணை அடிக்கச் சோம்பல்பட்டு, எதுவும் கொடுக்காவிட்டால் 4 சதவீதம் கழிக்கும்படி உள்ளே எழுதி வைத்தேன். ஒப்படைக்கும்போது அதை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். எடுக்கவில்லை.

உதவிப் பக்கம் ஒழுங்காக இருந்திருந்தால் அந்த 4 முதல் வாரத்திலேயே பிடிபட்டிருக்கும். அது எப்படி ஒளிந்தது என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பைத்தானில் உதவிப் பக்கத்தைத் தயாரித்துத் தருவது ஆர்க்பார்ஸ் என்ற நூலகம். விளக்க வரியில் ‘சொல்லாவிட்டால் 4%’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். உதவிப் பக்கத்தை வரவழைத்தால் நிரல் பிழை காட்டி நின்றது. காரணம், அந்த நூலகத்துக்குச் சதவீதக் குறி ஒரு தனிக் கட்டளை. வெறும் குறியாக அச்சாக வேண்டுமென்றால் அதை இரண்டு முறை எழுத வேண்டும். நூலகத்தின் கையேட்டிலேயே இருக்கிறது. நான் கையேட்டைத் திறக்கவில்லை. எரிச்சலில் அந்தத் தொடரை வெட்டி, ‘ஈரக் கழிவு’ என்பதற்குப் பக்கத்தில் வெறும் 4-ஐ மட்டும் விட்டேன். பிழை போயிற்று. அந்த 4 கிலோவா சதவீதமா, எடுத்துக்காட்டா கட்டாயமா என்று சொல்லும் எழுத்தும் அதோடு போயிற்று.

அடுத்தது வரி அமைப்பு. ஆர்க்பார்ஸ் ஆப்ஷன் பெயர்களை இடப்பக்கமும், அவற்றின் விளக்கங்களை 24 எழுத்து இடம் தள்ளி வலப்பக்கமும் அடுக்கும். பெயர் நீளமாகிவிட்டால் விளக்கம் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். ஈரக் கழிவுக்கு நான் வைத்த பெயர் நீளம். அதனால் பெயர் ஒரு வரியில் தனியாக நின்றது. விளக்கமும் அந்த 4-உம் கீழே இறங்கி, அடுத்த ஆப்ஷனோடு ஒட்டிக்கொண்டன. கீழே மூன்று மாதிரிக் கட்டளைகளைத் தனித்தனி வரியாக எழுதியிருந்தேன். ‘வரிகளை அப்படியே விடு’ என்று சொல்லாவிட்டால் ஆர்க்பார்ஸ் அவற்றை ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும். சேர்த்துவிட்டது. எங்கே ஒரு கட்டளை முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று எனக்கே தடுமாறியது. ஆப்ஷன்களின் வரிசையோ, நான் நிரலை எழுதிய வரிசை: எழுத்துக் குறியாக்கம், கோப்புப் பிரிப்பான், பிழைதேடும் பதிவு என்று எனக்கு வேண்டியதெல்லாம் முதலில், தினமும் வேண்டிய தேதியும் ஈரமும் நடுவில் எங்கோ. ஆபீஸ் கணினியின் கறுப்புத் திரைக்கு 25 வரிதான் உயரம். பக்கம் அதைத் தாண்டி ஓடி, மேல்பாதி கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

இத்தனையும் எனக்குத் தெரியும். சரிசெய்ய அரைநாள் போதும். செய்யாததற்கு நேரமின்மை காரணமல்ல. கணக்குப் போடும் பகுதிதான் வேலை, உதவிப் பக்கம் வேலையே அல்ல என்று நினைத்தேன். அதற்கும் கீழே ஒன்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்: அதைப் படிக்கப்போகிறவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணிதானே, அவருக்கு இதெல்லாம் புரியவா போகிறது என்ற எண்ணம். என் பாட்டியும் தோட்டத்தில், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு நின்றவர். அப்படியிருந்தும் அந்த எண்ணம் எனக்கு வந்தது.

கிராணி ஐம்பதைத் தாண்டிய ஒரு அக்கா. தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, ஆபீசுக்கு வந்தவர். எடைக் கணக்கைப் பேரேட்டில் கையால் எழுதிப் பழகியவர். நிரல் வந்த பிறகும் பேரேட்டை விடவில்லை. என் உதவிப் பக்கத்தைத் திரையில் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்து, ஒரு நோட்டில் நீல மையால் அப்படியே பிரதி எடுத்திருந்தார். அந்த ஆங்கில வரிகளை, என் தப்பான வரி முறிவுகளோடு. தேதி ஆப்ஷனுக்குப் பக்கத்தில் தமிழில் ‘நாள்’. கோப்புக்குப் பக்கத்தில் ‘எடைச் சீட்டு’. அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பக்கத்தில் ‘4 = ?’ என்று எழுதியிருந்தார்.

ஒருநாள் அந்த வட்டத்தில் விரலை வைத்து என்னிடம் கேட்டார். “தம்பி, இந்த நாலுன்னா என்னா? நாலு கிலோவா?”

“அது உள்ளுக்குள்ள ஓடுற கணக்கு அக்கா. நீங்க அதத் தொட வேணாம்.”

அந்த நிமிடத்தில் அந்த 4 எதற்கானது என்று எனக்கு நினைவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. அக்கா தலையாட்டிவிட்டுப் போனார். வெயில் நாளில் ஈரம் பற்றி எதுவும் கொடுக்காமல் விட்டார். சொல்லாவிட்டால் கழிக்காது என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பிடித்தது கொழுந்து எடுக்கும் ஒரு அம்மா. எடைச் சீட்டுகளைத் தேதி வாரியாகப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைத்திருக்கிறவர். கூலித் துண்டோடு அவற்றை ஆபீஸ் மேசையில் பரப்பினார். ஒருநாள் சாக்கு போக 62 கிலோ, துண்டில் 59.52. “நல்ல வெயிலுலா அன்னைக்கி. சரக்குல சொட்டு ஈரம் இல்ல. எப்படிக் கொறையும்?” அக்கா பேரேட்டைத் திறந்தார், அதிலும் 62. அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று பார்க்கப் பார்க்க, வெயில் நாள்களில் எல்லாம் குறைந்திருந்தது. எனக்குப் போன் வந்தது.

நான் சொன்ன முதல் வார்த்தை இது: “ஹெல்ப்புல எழுதியிருக்கே அக்கா, படிக்கலையா?”

அக்கா கோபப்படவில்லை. “நீங்க தொட வேணாம்னீங்களே தம்பி” என்றார்.

மாதத்தில் 25 நாள் வேலை. 25 நாளும் வெயில் என்றால், நாளுக்கு 4 சதவீதம் சேர்ந்து ஒரு முழு நாள் கொழுந்து. சரிவில் காலையிலிருந்து முதுகில் சுமந்த ஒரு நாள். மழை நாள்களில் மண்டோர் சொன்ன எண் கொடுக்கப்பட்டதால் அவை சரியாக இருந்தன. அதனால்தான் யார் கண்ணிலும் உடனே படவில்லை. ஆளுக்குப் போன காசு சிறியது. கடையில் காய்கறி வாங்குகிற கணக்கில் அது சிறியதல்ல.

அன்று இரவே 4-ஐ 0 ஆக்கினேன். வெறும் எண்ணை மாற்றினால் பதிவேட்டில் அது பளிச்சென்று தெரியுமே என்று உதவிப் பக்கம் முழுவதையும் அதோடு சேர்த்துத் திருத்தி, தொடக்கத்தில் சொன்ன அந்த வரியைப் போட்டேன். நூறு வரி மாற்றத்துக்குள் அந்த ஒரு எண் போய் மறைந்தது.

வேதனை என்னவென்றால், அந்தத் திருத்தம் நல்ல திருத்தம். தினமும் வேண்டியவை மேலே வந்தன. கிட் என்ற புகழ்பெற்ற நிரலை எதுவும் சொல்லாமல் ஓட்டினால், கட்டளைகளை அகரவரிசையில் கொட்டாமல், வேலையைத் தொடங்க, மாற்றத்தைச் செய்ய, வரலாற்றைப் பார்க்க என்று வேலையின் போக்கில் தொகுத்துக் காட்டும். அதைப் பார்த்து நானும் ‘எடை படிக்க’, ‘கழிவு போட’, ‘துண்டு எடுக்க’ என்று மூன்றாகப் பிரித்தேன். எண் கேட்கும் இடத்தில் எல்லாம் கிலோ அல்லது சதவீதம் என்று அலகைப் போட்டேன். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் கீழே ‘கொடுக்காவிட்டால்’ என்று ஒரு வரி வந்தது. ஈரத்துக்கு இப்போது இப்படி இருக்கிறது: மழைக் கொழுந்துக்கு மண்டோர் சொன்ன சதவீதம், கொடுக்காவிட்டால் 0, கழிவு இல்லை, 62 கிலோவுக்கு 5 கொடுத்தால் 58.9 கிலோ. கட்டளையைத் தப்பாக அடித்தால் பக்கம் முழுவதும் வந்து கொட்டாமல், எது தப்பு என்று ஒரே வரி சொல்லும்.

தமிழில் எழுதியபோது புதிய தொல்லை. ‘கொழுந்து’ என்பதில் நம் கணக்கில் நான்கு எழுத்து. யூனிக்கோடில் எட்டுக் குறியீடு. ஆர்க்பார்ஸ் எட்டு என்று எண்ணி இடம் ஒதுக்கும். திரையில் அது பிடிக்கும் இடமோ முனையத்துக்கு முனையம் வேறு. பத்தி கட்டினால் வலப்பக்கம் ஏறி இறங்கிப் போகும். 80 எழுத்து அகலம் என்பதே 1928-ல் ஐபிஎம் கொண்டுவந்த 80 பத்தித் துளை அட்டையிலிருந்து வந்த பழக்கம். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரே அகலக் கட்டத்தில் உட்காரும் என்ற நம்பிக்கையில் கட்டியது. அதனால் பத்தியையே விட்டுவிட்டேன். ஆப்ஷன் பெயர் ஒரு வரி. விளக்கம் கீழே, சற்று உள்ளே தள்ளி. எதையும் எதனோடும் நேர்படுத்தத் தேவையில்லை. விளக்கம் யாருடையது என்ற குழப்பமும் அதில் தீர்ந்தது. பழைய கறுப்புத் திரை தமிழை உடைத்துக் காட்டியதால் முனைய நிரலையும் மாற்ற வேண்டியிருந்தது. இதையெல்லாம் முதலிலேயே செய்யாததற்கு, முனையத்தில் தமிழ் சரியாக வராது என்று சாக்கு சொல்லி வந்தேன். 1985-லேயே முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கிக் கணினியில் தமிழ் எழுதக் காட்டிய நாடு இது. டிஎல்டிஆர் என்ற திறந்தமூலத் திட்டத்தில், கட்டளைகளுக்கான சிறு உதவிப் பக்கங்களைத் தன்னார்வலர்கள் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள், மாதிரிக் கட்டளையும் ஒரு வரி விளக்கமுமாக. என் சாக்கு எந்தக் காலத்திலும் செல்லாது.

யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டைக் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1971 நவம்பர் 3 அன்று தேதியிட்டு வெளியிட்டார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம்: பெயர், பயன்படுத்தும் விதம், விளக்கம் என்று போய், ‘பிழைகள்’ என்று ஒரு தலைப்பும் ‘உரிமையாளர்’ என்று ஒரு தலைப்பும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். நிரல் எங்கே தவறும், அதற்கு யார் பொறுப்பு என்பதை, எழுதியவர்களே, பயன்படுத்துகிறவர் படிக்கும் அதே இடத்தில் எழுதி வைத்தார்கள். வரி இடைவெளியும் தலைப்பு வரிசையும் எனக்கு அந்த மரபிலிருந்து வந்தவைதான். அந்த இரண்டு தலைப்புகளை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் புதிய பக்கம் அழகாக இருந்தது. கூலி குறைந்த மாதங்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

அந்த மாதத் துண்டுகள் சரியாக வந்தன. அக்கா மகிழ்ச்சியாகத்தான் பேசினார். புதிய பக்கத்தை அச்செடுத்து மேசையில் ஒட்டியிருந்தார். பிறகு கேட்டார். “இப்ப சரியா வருது. அப்ப முன்னாடி மாசங்களுக்கு?”

அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. நானே சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார். 4 என் சோதனைக்காக வைத்தது, எடுக்க மறந்தது, கேட்டபோது தெரியாமலே பதில் சொன்னது, பிறகு வடிவமைப்பு என்ற பெயரில் மூடியது என்று எல்லாவற்றையும் அன்று அவரிடமும் மேலாளரிடமும் சொன்னேன். பழைய கோப்புகள் அத்தனையையும் மீண்டும் ஓட்டி, அக்காவின் பேரேட்டோடு நாள் நாளாக ஒத்துப் பார்த்து, ஆளுக்கு எவ்வளவு பாக்கி என்று பட்டியல் எடுத்தோம். பேரேடு இல்லையென்றால் எந்த நாள் வெயில், எந்த நாள் மழை என்பதற்கு என்னிடம் ஆதாரமே இல்லை. பதிவேட்டில் நடந்ததை நடந்தபடி புதிய பதிவாக எழுதினேன். உதவிப் பக்கத்தின் கடைசியில் ‘பிழைகள்’ என்று தலைப்பிட்டு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை கணக்கு தவறாக வந்தது என்று போட்டு, அதன் கீழே என் பெயரையும் போட்டேன்.

வேலையில் இருக்கிறவர்களுக்குப் பாக்கி அடுத்த கூலியோடு போய்ச் சேர்ந்தது. எடைச் சீட்டுகளைக் கொண்டுவந்த அம்மா துண்டை வாங்கி, தன் கணக்கோடு ஒத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஆனால் அந்த மாதங்களில் வேலை செய்த சிலர் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிவிட்டார்கள், வங்காளதேசத்துக்கும் நேப்பாளத்துக்கும். ஏஜெண்டுகள் வழியாகச் சிலருக்கு அனுப்ப முடிந்தது. மற்றவர்களிடமிருந்து பதில் இல்லை. சிறிய தொகைதானே, அந்தக் கணக்கை முடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. முடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் பெயரும் கிலோவும் பாக்கியும் பேரேட்டின் தனிப் பக்கத்தில் இருக்கின்றன. அக்கா அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்; அதற்குப் பிறகு ஏஜெண்டுகளுக்கு மாதாமாதம் எழுதுவது என் பொறுப்பு.